1992 படங்களின் இசையில் எனக்குப் பிடித்தவை: மைக் செட்டு பேச வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். அப்பா மைக் செட் வைத்திருந்தார். அவருக்குப் பிறகு நான் வைத்திருக்கிறேன். எங்கள் சுடலைமாடன் கோயில் கொடையில் (கோயில் திருவிழாவைத்தான் நாங்கள் கொடை என்போம்) மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலப் பூஜைக்கும் நடுவே ஒரு மணி நேரம் என் விருப்பத்துக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரமும் 1992-ல் வந்த படப் பாட்டுகள் மட்டும்தான் ஓடும். பல வருஷமாக இதுதான் வழக்கம். கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் பந்தலுக்குப் பின்னால் வந்து கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே எழுதியே பதில் சொல்லிவிடுகிறேன்.

அது என்ன அண்ணாச்சி, 1992 மட்டும்? வேற வருஷத்துல நல்ல பாட்டே வரலையா?

நிறைய வந்திருக்கிறது. ஆனால் 1992-ல் எனக்கு 17 வயது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து அப்பாவோடு செட்டுக்குப் போக ஆரம்பித்தேன். எங்கள் மாவட்டத்துக்கு அப்போது நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர். தென்காசி, சங்கரன்கோவில் எல்லாம் அதில்தான் இருந்தன.

என் வயதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அது பெரிய வருஷம்தான். இளையராஜா மாதம் தவறாமல் படம் கொடுத்துக்கொண்டிருந்தார். எம்.எஸ். விஸ்வநாதனும் அவரும் சேர்ந்து 'செந்தமிழ்ப்பாட்டு' செய்தார்கள். தேவா 'அண்ணாமலை' மூலம் பெரிய வரிசைக்கு வந்தார். ஆகஸ்ட் 15-ல் 'ரோஜா' வெளியாகி ஏ.ஆர். ரகுமான் என்ற பெயரைத் தமிழ்நாடு முதல்முறையாகக் கேட்டது. மரகதமணி 'வானமே எல்லை'க்கு இசையமைத்தார். 'அமரன்' படத்தில் ஆதித்யன் வந்தார். எம்.எஸ்.வி-யில் தொடங்கி ரகுமான் வரை ஒரே காலண்டருக்குள் அடங்கிய வருஷம் என்று சொன்னால் மிகையில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. சன் டிவி வந்தது 1993 ஏப்ரலில். 1992-ல் பாட்டைப் பார்க்க வேண்டுமானால் தியேட்டருக்குப் போகவேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் 'ஒலியும் ஒளியும்' வரும்வரை காத்திருக்கவேண்டும். மற்ற ஆறு நாளும் காதால்தான் கேட்டோம். படம் கண்ணுக்கு முன்னால் இல்லாமல், பாட்டு பாட்டாகவே மனதில் இறங்கிய கடைசி வருஷங்களில் அதுவும் ஒன்று.

எந்தப் படம் எந்த வருஷம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

தியேட்டருக்கு வந்த தேதிதான் கணக்கு. 'வண்ண வண்ண பூக்கள்' 1991-ம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. ஆனால் நாங்கள் பார்த்தது 1992 ஜனவரியில். அதனால் என் பட்டியலில் அது உண்டு. ஜேசுதாஸ் பாடிய 'இளநெஞ்சே வா'வை விட்டுவிட்டு ஒரு பட்டியல் போட எனக்கு மனசு வராது.

சரி, உங்களுக்கு முதல் இடம் எது?

'தேவர் மகன்' படத்துக்கு இளையராஜா போட்ட 'இஞ்சி இடுப்பழகி'. இதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

பாட்டு முழுவதும் நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் நான் சொல்வது படத்தில் அது பிறக்கும் அந்த நிமிஷத்தை. கல்யாணம் ஆன ராத்திரி. பஞ்சவர்ணமாக ரேவதி கூச்சத்தில் ஒடுங்கி நிற்கிறார். ஏதாவது ஒரு பாட்டுப் பாடு என்று கணவன் கேட்கிறான். வாயைத் திறந்தால் குரல் வரவில்லை, காற்றுதான் வருகிறது. அதற்குப் பிறகு மெதுவாக, பாதி பேச்சும் பாதி பாட்டுமாக, அந்த வரி வருகிறது. வாத்தியம் எதுவும் முந்திக்கொண்டு வந்து நிற்கவில்லை. அந்த இடத்தில் பாடுவது எஸ். ஜானகி என்பதே நமக்கு மறந்துபோகும். மாட்டுத் தொழுவத்திலும் களத்துமேட்டிலும் தனக்குத்தானே பாடிக்கொண்ட ஒரு பெண், முதல்முறையாக இன்னொருவர் முன்னால் பாடினால் எப்படித் தயங்குவாளோ அந்தத் தயக்கம் அப்படியே இருக்கும். சுருதி சுத்தமாக இருக்கும். ஆனால் பயிற்சி பெற்ற குரல் என்று தெரியாது. பாடகர்களுக்கு இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது என்று எனக்குத் தோன்றும்.

ஜானகியம்மாவுக்கு இந்தப் பாட்டுக்காகத் தேசிய விருது கிடைத்தது. அவருக்கு அது நான்காவது.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார்கள். நாற்று நடும்போது குரல் எடுத்தால் அடுத்த வயல்வரை கேட்கும். கல்யாண வீட்டில் மைக்கை நீட்டினால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். தீபாவளி கழிந்து அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்கு அவர்கள் நினைப்புதான் வந்தது.

'ரோஜா'வுக்கு ஏன் முதல் இடம் தரவில்லை? தேசிய விருதே அதற்குத்தானே?

ஆமாம், 1992-க்கான சிறந்த இசையமைப்பாளர் விருது ரகுமானுக்குத்தான். 'சின்னச் சின்ன ஆசை'க்காக வைரமுத்துவுக்கும் சிறந்த பாடலாசிரியர் விருது கிடைத்தது. நடுவர் குழுத் தலைவராக இருந்தவர் இயக்குநர் பாலு மகேந்திரா. 'தேவர் மகன்', 'ரோஜா' இரண்டுக்கும் சமமாக ஓட்டு விழுந்ததாகவும், தன் ஓட்டைப் புதியவருக்குப் போட்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த முடிவில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு இளைஞன் முதல் படத்திலேயே அப்படி ஒரு ஒலியோடு வந்து நிற்கும்போது கை கொடுக்கத்தான் வேண்டும். இளையராஜாவின் இசையிலேயே தொடர்ந்து படம் எடுத்த ஒரு மனிதர் அந்த ஓட்டைப் போட்டார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

என் பட்டியலில் ரோஜா இரண்டாவதாக நிற்பதற்குக் காரணம் வேறு. அது குழாய்ச் சமாச்சாரம்.

குழாய் என்றால்? அடிக்கடி 'குழாயில் நிற்கும் பாட்டு' என்கிறீர்களே?

கூம்பு வடிவ ஒலிபெருக்கியைத்தான் நாங்கள் குழாய் என்போம். வேப்பமரத்து உச்சியில் கட்டி, நாலு திசைக்கும் திருப்பி வைப்போம். அதன் அடியில் சின்னதாக ஒரு யூனிட் இருக்கும். ஓசை அங்கே பிறந்து, குழாய் வழியாக விரிந்து வெளியே போகும். குழாயின் வாய் எவ்வளவு அகலமோ, அதற்குத் தகுந்தபடிதான் கீழ்ச் சத்தம் வரும். கோயில் கொடைக்குக் கட்டும் அளவுக் குழாயில் அடிநாதம் கிட்டத்தட்ட வரவே வராது. மனுஷக் குரல், நாதஸ்வரம், புல்லாங்குழல், வயலின், உடுக்கை இதெல்லாம் ஆற்றைத் தாண்டி அந்தக் கரைவரை கேட்கும். பேஸ் கிட்டார் மட்டும் மரத்திலேயே தங்கிவிடும்.

பழைய பாட்டுகளுக்கு இது பெரிய குறை இல்லை. அவை குரலிலும் மெட்டிலும்தான் நின்றன. 'சின்ன கவுண்டர்' படத்தின் 'முத்துமணி மாலை' எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.பி-யும் பி. சுசீலாவும். விடியற்காலை அந்தப் பாட்டைக் குழாயில் போட்டால், பனி இறங்கிய வயலுக்கு மேலே சுசீலாம்மா குரல் நூல் மாதிரி போகும். பெட்டி ஸ்பீக்கரில் அதே பாட்டைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் குறைவாகவே தெரியும்.

ரோஜா அப்படி இல்லை. அந்த வருஷம் ஆவணியில் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளையின் தோழர்கள் கேசட்டைக் கையோடு கொண்டுவந்து 'புது வெள்ளை மழை' போடச் சொன்னார்கள். திருநெல்வேலியில் நல்ல டேப் ரிக்கார்டரில் அதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள். குழாயில் போட்டதும் முகம் மாறிவிட்டது. "அண்ணே, அந்த டம்முனு வர்றது வரலியே" என்றார்கள். நானும் ஆம்ப்ளிஃபையரில் பேஸ் திருகைக் கடைசிவரை திருகினேன். வரவில்லை. இன்னும் வால்யூம் ஏற்றினேன். மூன்றாவது பாட்டில் கிழக்குப் பக்கக் குழாய் கரகரவென்று இரைந்தது, அப்புறம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் தெற்குப் பக்கமும் போனது. யூனிட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த மெல்லிய தகடு கிழிந்திருந்தது.

அப்பா என்னைத் திட்டவில்லை. கிழிந்த தகட்டைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, கொழாயில இல்லாதத அதுகிட்ட கேட்டா அது என்ன செய்யும்?" என்றார். தை மாதம் ஆசாரியிடம் சொல்லி பிளைவுட்டில் இரண்டு பெட்டி அடித்து, 12 இஞ்ச் ஸ்பீக்கர் வாங்கி மாட்டினார். எங்கள் செட்டில் பெட்டி வந்தது ரோஜாவால்தான்.

அதனால்தான் சொல்கிறேன். நான் தேடுவது குழாயிலும் நிற்கவேண்டும், பெட்டியிலும் நிற்கவேண்டும். 'இஞ்சி இடுப்பழகி' இரண்டிலும் நிற்கும். ரோஜாவில் அப்படி நிற்பது 'சின்னச் சின்ன ஆசை' ஒன்றுதான். மின்மினியின் குரல் குழாய்க்கென்றே செய்த மாதிரி இருக்கும். 'காதல் ரோஜாவே'யில் எஸ்.பி.பி-யின் குரலுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளி, அந்த விசாலம், அதைக் கேட்க நல்ல பெட்டியும் அமைதியான ராத்திரியும் வேண்டும்.

'சின்னச் சின்ன ஆசை' நம்ம பக்கத்துப் பாட்டுதானே?

கதைப்படி கதாநாயகி ரோஜாவின் ஊர் சுந்தரபாண்டியபுரம். தென்காசிக்குப் பக்கத்தில் இருக்கிற நிஜமான ஊர், 2019 முதல் தென்காசி மாவட்டம். அந்தப் பாட்டில் வரும் அருவிகளில் ஒன்று காரையாறு அணைக்கு மேலே இருக்கும் பாணதீர்த்தம். அப்போது அணையில் படகு ஏறித்தான் அங்கே போகவேண்டும். பாபநாசம் வரும் வெளியூர்க்காரர்கள் 'ரோஜா அருவி எங்கே' என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைவிடப் படப் பெயர்தான் அவர்கள் வாயில் வந்தது.

மற்றபடி, எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டில் வரும் ஆசை எதுவுமே புதிது கிடையாது. ஆற்றில் குதிப்பதும் வயலில் ஓடுவதும் தினசரி செய்ததுதான். அதையெல்லாம் ஆசை என்று ஒருவர் பாட்டாகவே எழுதிவிட்டார் என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது.

ரோஜாவில் பின்னணி இசை பிடிக்குமா?

'தமிழா தமிழா' வரும் இடம். தேசியக் கொடி எரிகிறது, அதைக் கதாநாயகன் தன் உடம்பால் அணைக்கிறான். அந்தக் காட்சியோடு ஹரிஹரனின் குரல். அவரைத் தமிழ்ப் படத்தில் முதலில் கேட்டது அப்போதுதான். தியேட்டரில் விசில் சத்தம் நின்றுபோய் எல்லாரும் அமைதியானது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேசட்டில் கேட்கும்போது சாதாரணமாகக் கடந்துபோன பாட்டு, படத்தோடு பார்த்தபோது வேறு கனம் பெற்றுவிட்டது.

நம்ம கொடையில் வருஷா வருஷம் போடும் சுடலைமாடன் பாட்டு அந்த வருஷப் படமா?

ஆமாம், பலருக்கு இது தெரிவதில்லை. சாமி பாட்டு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். 'கோட்டைய விட்டு' என்று தொடங்கும் அந்தப் பாட்டு 'சின்னத்தாயி' படத்தில் வருவது. இசை இளையராஜா, பாடியது எஸ். ஜானகி.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். சுடலைமாடன் தென்கோடிக்கென்றே உள்ள தெய்வம். திருநெல்வேலி, தூத்துக்குடி, குமரி மூன்று பக்கமும் சுடலைக்குப் பீடம் இல்லாத ஊர் குறைவு. நடுராத்திரியில் நடக்கும் சாமக்கொடையில் கணியான் கூத்துக்காரர்கள் மகுடம் என்ற பறையை அடித்துக் கதை பாடுவார்கள், இல்லையென்றால் வில்லுப்பாட்டு நடக்கும். அந்த ராத்திரியில் சாமியாடி கையில் தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். போகும்போது யாரும் குறுக்கே வரமாட்டார்கள். வீட்டுக் கதவு அடைத்திருக்கும். சின்ன வயதில் போர்வைக்குள்ளிருந்து அந்தச் சலங்கைச் சத்தம் தெருவைக் கடப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்போம்.

இதை ஒரு சினிமாப் பாட்டில் எதிர்பார்க்கவே முடியாது. மற்ற பக்கத்து அம்மன், முருகன், ஐயனார் எல்லாம் சினிமாவில் அடிக்கடி வந்தாயிற்று. சுடலை, அதுவும் வேட்டைக்குப் போகும் சுடலை, ஜானகியின் குரலில் குழாய் வழியாக வந்தபோது, கோயில் வாசலில் இருந்த பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். அப்பா அந்தப் பாட்டை ஓடவிட்டுவிட்டு ஆம்ப்ளிஃபையரைத் தொட்டுக் கும்பிட்டார். அன்று நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தப் பாட்டுக்கே ஒருவருக்கு அருள் வந்துவிட்டது. மேளக்காரர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்த நேரம். பூசாரி ஓடிவந்து பாட்டை நிறுத்தச் சொல்லி, திருநீறு பூசி அமர்த்தினார். அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு: மேளம் தயாராக நிற்காமல் அந்தப் பாட்டைப் போடக் கூடாது. இன்றுவரை அதை மீறியது இல்லை.

நையாண்டி மேளத்தில் எந்த 1992 பாட்டு நன்றாக எடுபடும்?

'தேவர் மகன்' படத்தின் 'சாந்து பொட்டு' எடுபடும். சிலம்பப் பாட்டு, தவிலுக்கு நல்ல வேலை. 'அண்ணாமலை'யின் 'கொண்டையில் தாழம்பூ' எடுபடும். கரகாட்டம் இருந்தால் அதை வாசிக்காமல் விடமாட்டார்கள். 'அமரன்' படத்தில் நடிகர் கார்த்திக்கே பாடிய 'வெத்தல போட்ட சோக்குல' ரொம்ப வருஷம் ஓடியது.

நாதஸ்வரத்தில் வாசித்தால் ஒரு பாட்டின் எலும்பு தெரிந்துவிடும் என்று எங்களுக்கு வாசிக்க வரும் பெரியவர் ஒருவர் சொல்வார். வார்த்தை போயிற்று, பாடகரின் குழைவு போயிற்று, வாத்தியக் கூட்டம் போயிற்று. மிச்சம் மெட்டு மட்டும். அந்த நிலையிலும் கூட்டம் கலையாமல் நின்றால் அது நல்ல மெட்டு. 'நாடோடித் தென்றல்' படத்தின் 'மணியே மணிக்குயிலே'யை ஒருமுறை அவர் ஒற்றை நாதஸ்வரமாக, தவில் இல்லாமல் வாசித்தார். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அடுப்பை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவாவை எங்கே வைக்கிறீர்கள்?

மேலேதான். ரஜினி படம் தொடங்கும்போது ஒவ்வொரு எழுத்தாக 'சூப்பர் ஸ்டார்' என்று வருமே, அந்த எழுத்துக்கான இசை முதலில் வந்தது 'அண்ணாமலை'யில்தான். 1992 ஜூன். தேவா செய்தது. சில விநாடி நீளம்தான், பாட்டுகூட இல்லை. ஆனால் ஒரு வருஷத்தின் இசைத் துணுக்குகளில் அதிகம் பேருக்குத் தெரிந்தது எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை உள்ளே வரும்போது இன்றும் அதைப் போடச் சொல்கிறார்கள். அதே படத்தில் ஜேசுதாஸ் பாடிய 'ஒரு பெண்புறா'வும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். லாரி டிரைவர்கள் ராத்திரி ஓட்டத்தில் கேட்டுக்கொண்டே போன பாட்டு.

'சூரியன்' படத்தின் 'பதினெட்டு வயது' பற்றியும் கேட்பார்கள். அதில் கந்த சஷ்டி கவசத்தின் மெட்டுச் சாயல் இருக்கிறது. திருச்செந்தூருக்கு நடந்து போகும் பக்தர்கள் தங்கும் பந்தலில் ஒருமுறை தெரியாமல் அதைப் போட்டுவிட்டேன். முதல் வரியைக் கேட்டதும் ஒரு ஆச்சி கவசம் என்று நினைத்துக் கை கூப்பிவிட்டார்கள். பாட்டு காதல் பாட்டு என்று புரிந்ததும் அவர்கள் முகம் வாடிப்போனது. அன்றோடு அந்தப் பாட்டைக் கோயில் காரியங்களில் நிறுத்திவிட்டேன்.

ஒரே கம்பெனி மூன்று இசையமைப்பாளர்களை வைத்துப் படம் எடுத்தது என்கிறீர்களே?

கே. பாலசந்தரின் கவிதாலயா. 1992-ல் அவர்கள் தயாரிப்பு 'அண்ணாமலை', 'ரோஜா', 'வானமே எல்லை'. இசை முறையே தேவா, ரகுமான், மரகதமணி. மூன்றும் மூன்று தினுசு. மரகதமணி என்பது எம்.எம். கீரவாணியின் தமிழ்ப் பெயர். பின்னாளில் ரகுமான் 2009-லும் கீரவாணி 2023-லும் ஆஸ்கர் வாங்கினார்கள். இரண்டு பேருமே ஒரே வருஷத்தில் ஒரே தமிழ்க் கம்பெனிக்கு வேலை செய்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்தக் காலத்தில் கேசட் எங்கே வாங்குவீர்கள்?

புதுக் கேசட் வாங்கக் காசு எப்போதும் இருக்காது. வெற்றுக் கேசட்டும் எழுதிய சீட்டும் கொடுத்தால் ரிக்கார்டிங் கடையில் பதிந்து தருவார்கள். 60 நிமிஷக் கேசட், பக்கத்துக்கு 30 நிமிஷம். ஒரு கடையில் நேரம் பார்க்காமல் பதிந்து, 'காதல் ரோஜாவே' நடுவில் அறுந்துவிட்டது. மறு பக்கத்தில் வேறு பாட்டு. இரண்டு வருஷம் நான் அந்தப் பாட்டை அந்த இடம்வரைதான் கேட்டிருக்கிறேன். இன்றும் முழுப் பாட்டு ஓடும்போது அந்த இடம் வந்ததும் காது தானாக நின்று பார்க்கும்.

திருநெல்வேலி வானொலியில் நேயர் விருப்பத்துக்குத் தபால் அட்டை போடுவதும் உண்டு. பெயர் வாசித்துவிட்டால் அன்று தெருவே நம்மைப் பார்க்கும்.

அதிகம் பேர் கவனிக்காத பாட்டு ஏதாவது சொல்லுங்கள்.

'ஆவாரம்பூ' படத்தின் 'சாமிகிட்ட சொல்லி வச்சு'. எஸ்.பி.பி, ஜானகி. பரதன் இயக்கிய படம். அதே வருஷம் தீபாவளிக்குத் 'தேவர் மகன்' எடுத்ததும் அதே பரதன்தான். அவரும் இளையராஜாவும் சேர்ந்த இரண்டு படம் ஒரே வருஷத்தில் வந்தது, ஒன்று மலையளவு பேசப்பட்டது, இன்னொன்று ஓரமாகப் போய்விட்டது.

அப்புறம் 'செந்தமிழ்ப்பாட்டு' படத்தின் 'சின்னச் சின்னத் தூறல் என்ன'. ரோஜா வந்த வருஷத்தில் இன்னொரு 'சின்னச் சின்ன' இருந்தது என்று சொன்னால் இளவட்டங்கள் நம்புவதில்லை. சாரல் காலத்தில், ஜூன் கடைசியில், குற்றாலம் பக்கத்துக் காற்று எங்கள் ஊர்வரை வரும். அப்போது ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

'உன்ன நெனச்சேன் பாட்டுப் படிச்சேன்' படத்தின் 'என்னைத் தொட்டு அள்ளிக்கொண்ட', சுவர்ணலதாவுக்காக. 'தெய்வ வாக்கு' படத்தின் 'வள்ளி வள்ளி என வந்தான்', இளையராஜாவின் குரலுக்காக.

'வில்லுப்பாட்டுக்காரன்' படத்தில் நம்ம வில்லுப்பாட்டு இருக்குமா?

அந்தப் பெயரைப் பார்த்துத்தான் எங்கள் ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது. வில், குடம், உடுக்கை, வீசுகோல் என்று நாங்கள் கொடையில் ராத்திரி முழுக்கக் கேட்பதை மனதில் வைத்துக்கொண்டு போனவர்களுக்குச் சினிமா அதன் பாஷையில் வேறு ஒன்றைக் கொடுத்தது. ஆனால் எஸ்.பி.பி-யின் 'கலைவாணியோ ராணியோ' கிடைத்ததே, அது போதும்.

'சிங்காரவேலன்', 'மன்னன்', 'செம்பருத்தி' எல்லாம் ஏன் ஒரு மணி நேரத்தில் வருவதில்லை?

நேரம்தான் காரணம். 'மன்னன்' படத்தின் 'அம்மா என்றழைக்காத' மட்டும் வேறு காரணத்துக்காக விடுகிறேன். கூட்டத்தில் யாராவது ஒருவரால் அதை அழாமல் கேட்க முடியாது. கொடை நேரத்தில் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். அதே படத்தில் ரஜினிகாந்தே முதல்முறையாகப் பாடிய 'அடிக்குது குளிரு' இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் கேட்டால் போடுவேன்.

ராத்திரி முழுக்க ஏன் இப்போது போடுவதில்லை?

2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிக்குத் தடை. சாமக்கொடைக்கு இப்போது மேளமும் மகுடமும் மட்டும்தான். எனக்கு இதில் குறை இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் படுக்கையில் கிடக்கும் பெரியவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மொத்தப் பட்டியலையும் வரிசையாக எழுதித் தருவீர்களா?

வரிசை எண் போட எனக்கு வராது. ஒரு 60 நிமிஷக் கேசட் கொடுத்துப் பதியச் சொன்னால் எப்படிப் பதிவேன் என்று சொல்கிறேன்.

முதல் பக்கம் விடியற்காலை. 'முத்துமணி மாலை'யில் தொடங்குவேன். அடுத்து 'மணியே மணிக்குயிலே', 'இளநெஞ்சே வா', 'சாமிகிட்ட சொல்லி வச்சு', 'சின்னச் சின்ன ஆசை'. கடைசியில் 'கோட்டைய விட்டு', மேளம் தயாராக இருந்தால் மட்டும்.

மறு பக்கம் பொழுது சாய்ந்த பிறகு. 'ஒரு பெண்புறா', 'சின்னச் சின்னத் தூறல் என்ன', 'சாந்து பொட்டு'. அப்புறம் 'காதல் ரோஜாவே', அறுந்துபோகாமல், முழுசாக. முடிவில் 'இஞ்சி இடுப்பழகி'. அதற்குப் பிறகு டேப்பில் இடம் மிஞ்சும். அதில் எதையும் பதியமாட்டேன்.